வேலை போன வடிவமைப்பாளருக்கு ஜெர்மனியில் ஒரு வழி: உதவித்தொகையிலிருந்து சுயதொழிலுக்கு

வேலை போன முதல் வாரத்திலேயே பழைய வாடிக்கையாளர் ஒருவர் அழைப்பார். "சிறு வேலைதான், ஒரு லோகோவும் விசிட்டிங் கார்டும். செய்து தர முடியுமா?" மனம் குளிர்ந்து ஒப்புக்கொள்வோம். அடுத்த நாள் வரி அலுவலகத்தில் பதிவு, அதற்கடுத்த வாரம் முழு நேர வேலை, மாத இறுதியில் பில். எல்லாம் நேர்மையாகத்தான் நடந்திருக்கும். ஆனால் அந்த வரிசையில் நடந்ததால், அரசு தரக்கூடிய தொழில் தொடக்க மானியம் கைவிட்டுப் போயிருக்கும். எனக்குத் தெரிந்த ஒருவருக்கு இப்படித்தான் ஆனது. திறமைக்குக் குறைவில்லை, வாடிக்கையாளர்களும் இருந்தார்கள். விண்ணப்பத்தின் தேதி மட்டும், தொழில் தொடங்கிய தேதிக்குப் பின்னால் விழுந்துவிட்டது.

போனது சிறிய தொகை அல்ல. மாதம் 1,500 யூரோ வேலையின்மை உதவித்தொகை பெறும் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். மானியம் கிடைத்தால் முதல் 6 மாதங்களுக்கு அதே 1,500 யூரோவும், அதன்மேல் சமூகக் காப்பீட்டுக்காக மாதம் 300 யூரோவும் வரும். பிறகு இன்னொரு விண்ணப்பம் ஏற்கப்பட்டால், மேலும் 9 மாதங்களுக்கு 300 யூரோ. மொத்தம் 13,500 யூரோ. வருமான வரியும் கிடையாது. ஒரு வடிவமைப்பாளர் தன் காலில் நிற்கத் தேவையான முதல் ஆண்டை இந்தப் பணம் வாங்கித் தருகிறது. ஆகவே எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது என்பதைத்தான் இங்கே வரிசையாகச் சொல்லப்போகிறேன்.

வதிவிட அட்டையை எடுத்துப் பாருங்கள்

ஜெர்மன் குடியுரிமையோ நிரந்தர வதிவிட உரிமையோ உள்ளவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். நம்மில் பலர் புளூ கார்டிலோ வேலைக்கான விசாவிலோ இருக்கிறோம். அந்த அனுமதி ஒரு நிறுவனத்தில் சம்பளத்துக்கு வேலை செய்வதற்குத்தான். தனியாகத் தொழில் செய்வதற்கு அல்ல. அட்டையோடு வந்த பச்சை நிற இணைப்புத்தாளில் சுயதொழில் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள். அனுமதி இல்லையென்றால், முதல் பில் எழுதுவதற்கு முன் வெளிநாட்டவர் அலுவலகத்திடம் கேட்டு வாங்க வேண்டும். கட்டற்ற தொழில் செய்வோருக்கான, அதாவது வடிவமைப்பாளர்போல் வணிக உரிமம் இல்லாமல் தனித்துத் தொழில் செய்வோருக்கான, அனுமதி வதிவிடச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, 5ஆம் உட்பிரிவில் இருக்கிறது. விண்ணப்பிக்கும்போது அந்த எண்ணைக் குறிப்பிட்டால் பேச்சு சுருக்கமாக முடியும்.

வேலை விசாவில் இருப்பவர்களுக்கு இன்னொரு கடமையும் உண்டு. வேலை முன்கூட்டியே முடிந்துவிட்டது என்று தெரிந்த 2 வாரத்துக்குள் வெளிநாட்டவர் அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். கணவரோ மனைவியோ வழியாகக் குடும்ப இணைவு அனுமதியில் வந்தவர்களுக்கு நிலைமை எளிது. அந்த அனுமதியில் பொதுவாகச் சுயதொழிலும் அடக்கம்.

வேலை முடிவதற்கு முன்பே பதிவு

வேலை முடியப்போகும் தேதிக்கு 3 மாதங்களுக்கு முன்பே, "வேலை தேடுபவர்" என்று ஆர்பைட்ஸ்அகென்டூரில், அதாவது அரசு வேலைவாய்ப்பு அலுவலகத்தில், பதிவு செய்ய வேண்டும். அதைவிடத் தாமதமாகத்தான் செய்தி தெரிந்தது என்றால், தெரிந்த 3 நாளுக்குள். தவறினால் ஒரு வார உதவித்தொகை போய்விடும். இது முதல் பதிவு. வேலையில்லாத முதல் நாளன்று, அல்லது அதற்கு முன், "வேலையற்றவர்" என்று இரண்டாவது பதிவு. இரண்டும் வேறு வேறு. முதலாவதைச் செய்துவிட்டு இரண்டாவதை மறந்தவர்கள், பதிவு செய்யும் நாள் வரைக்குமான பணத்தை இழக்கிறார்கள்.

கடந்த 30 மாதங்களில் குறைந்தது 12 மாதங்கள் வேலையின்மைக் காப்பீட்டுச் சந்தா கட்டியிருந்தால் உதவித்தொகை உண்டு. கணக்கிடப்படும் நிகரச் சம்பளத்தில் 60 சதவீதம், பிள்ளைகள் இருந்தால் 67 சதவீதம். 12 மாதம் வேலை செய்தவருக்கு 6 மாதம், 24 மாதம் செய்தவருக்கு 12 மாதம் கிடைக்கும்.

நீங்களாக ராஜினாமா செய்தால் 12 வாரம் வரை தொகை நிறுத்தப்படலாம். அந்த வாரங்கள் மொத்த உரிமையிலிருந்தும் கழியும். "எப்படியும் சொந்தத் தொழில்தானே, விட்டுவிடலாம்" என்று கோபத்தில் கடிதம் கொடுக்க நினைப்பவர்கள், ஓர் இரவு தள்ளிப்போட்டு இதைக் கணக்குப் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

வாரம் 15 மணி நேரம் என்ற கோடு

உதவித்தொகை வாங்கிக்கொண்டே வடிவமைப்பு வேலை செய்யலாமா? செய்யலாம். இரண்டு எல்லைகள் உண்டு.

முதலாவது நேரம். வாரத்துக்கு 15 மணிக்குக் குறைவாக இருக்க வேண்டும். 15 மணியைத் தொட்டுவிட்டால் சட்டத்தின் பார்வையில் நீங்கள் வேலையற்றவர் அல்ல, உதவித்தொகை நின்றுவிடும். வரைகின்ற நேரம் மட்டும்தான் கணக்கு என்று நினைக்காதீர்கள். வாடிக்கையாளரிடம் பேசியது, விலை மதிப்பீடு எழுதியது, திருத்தம் செய்தது, பில் தயாரித்தது எல்லாம் சேரும். ஒரு நோட்டில் தினமும் எழுதிவையுங்கள்: தேதி, தொடங்கிய நேரம், முடித்த நேரம், என்ன வேலை. யாரும் கேட்காமலேயே போகலாம். கேட்டால் அந்த நோட்டுதான் சாட்சி.

இரண்டாவது பணம். மாதம் 165 யூரோ வரை கழிக்கமாட்டார்கள். சுயதொழிலில் வந்த பணத்தில் 30 சதவீதத்தைச் செலவு என்று முதலிலேயே தள்ளிவிட்டு மிச்சத்தைத்தான் பார்க்கிறார்கள். உண்மைச் செலவு அதைவிட அதிகம் என்றால் ரசீது காட்டலாம். உதாரணமாக ஒரு மாதத்தில் 300 யூரோ வந்தது என்றால் 90 யூரோ செலவாகக் கழியும். மிச்சம் 210. அதில் 165 உங்களுக்கு, 45 யூரோ உதவித்தொகையில் குறையும். சுமார் 235 யூரோ வரை பில் போட்டால் எதுவும் குறையாது.

வேலை தொடங்குவதற்கு முன்பே வேலைவாய்ப்பு அலுவலகத்துக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். சிறு தொகைதானே என்று மறைத்தால், பணத்தைத் திருப்பிக் கட்டுவதோடு அபராதமும் வரும். அதைவிட மோசம், மானியம் தர வேண்டிய அதே அலுவலகத்தில் உங்கள் சொல்லுக்கு இருந்த மதிப்பு போய்விடும்.

இந்தச் சிறு அளவு வேலையை நான் ஒரு சோதனைக் காலமாகப் பார்க்கிறேன். இரண்டு மூன்று உண்மையான வாடிக்கையாளர்கள், கையெழுத்தான விலை மதிப்பீடுகள், "முழு நேரமானால் இன்னும் வேலை தருகிறோம்" என்று சொல்லும் ஒரு கடிதம். மானிய விண்ணப்பத்துக்கு இவற்றைவிடப் பலமான துணை இல்லை.

மானியம்: தொழில் தொடங்கும் முன் கேளுங்கள்

இதன் பெயர் கிருண்டுங்ஸ்சுஷுஸ். சமூகச் சட்டத் தொகுப்பு மூன்றாம் நூலின் 93, 94ஆம் பிரிவுகள். முக்கிய நிபந்தனை: முழு நேரத் தொழில் தொடங்கும் நாளில் உங்கள் உதவித்தொகை உரிமையில் குறைந்தது 150 நாட்கள் மிச்சம் இருக்க வேண்டும். 12 மாத உரிமை உள்ளவர் ஏறக்குறைய 7 மாதங்கள் தயாராகலாம். 6 மாத உரிமை மட்டும் உள்ளவருக்கு 30 நாள்தான் இருக்கிறது. அவர் முதல் நாளிலிருந்தே ஓட வேண்டும்.

2011ஆம் ஆண்டின் இறுதிவரை, தகுதி இருந்தால் இந்த மானியம் உரிமையாகவே கிடைத்தது. அப்போது சட்டம் மாறியது. இப்போது தருவதும் மறுப்பதும் அலுவலகத்தின் தீர்மானம். அதனால்தான் முதல் சந்திப்பு முக்கியமாகிறது. உங்களை எளிதாக வேறு வேலையில் சேர்த்துவிட முடியும் என்று அதிகாரி நினைத்தால், "முதலில் வேலை" என்று மறுக்கலாம். "எனக்குச் சுதந்திரம் வேண்டும்" என்று அங்கே பேசுவதில் பயனில்லை. உங்கள் துறையில் சம்பள வேலை ஏன் கிடைக்கவில்லை, எத்தனை இடத்துக்கு விண்ணப்பித்தீர்கள், என்ன பதில் வந்தது என்று கோப்போடு போங்கள். வேலை தேடும் கடமை மானியம் முடிவாகும்வரை தொடர்கிறது. அந்தக் கடமையை நிறைவேற்றிய கடிதங்களே உங்கள் வாதத்துக்கும் ஆதாரமாகின்றன.

அந்தச் சந்திப்பிலேயே விண்ணப்பப் படிவத்தைக் கேட்டு வாங்குங்கள். தொழில் தொடங்கும் தேதியை எதிர்காலத்தில் வையுங்கள். விண்ணப்பம், வரி அலுவலகப் படிவம், திட்ட அறிக்கை, இணையதளம், முதல் பெரிய ஒப்பந்தம் என எல்லாவற்றிலும் முழு நேரத் தொடக்கம் அதே தேதியாக இருக்க வேண்டும். ஒன்றில் 1ஆம் தேதி, இன்னொன்றில் முந்தைய மாதம் 15 என்று இருந்தால், முந்தையதைத்தான் எடுத்துக்கொள்வார்கள்.

கூடவே தொழில் தொடக்கப் பயிற்சிக்கான வவுச்சரையும் கேளுங்கள். அதற்கு அ-ஃபௌ-கே-எஸ் என்று பெயர். அங்கீகாரம் பெற்ற பயிற்சியாளர் ஒருவரோடு தனியாக அமர்ந்து திட்டத்தைச் செதுக்கலாம். செலவை அலுவலகமே ஏற்கிறது.

திட்ட அறிக்கை

விண்ணப்பத்தோடு போக வேண்டியவை: தொழில் பற்றிய சுருக்கமான விளக்கம், உங்கள் கல்வி அனுபவ விவரம், மூலதனத் தேவையும் அது எங்கிருந்து வரும் என்பதும், வரவு செலவு மதிப்பீடு, இந்தத் தொழில் உங்களைத் தாங்கும் என்று தகுதியுள்ள ஓர் அமைப்பு தரும் சான்று. இந்தச் சான்றை வர்த்தகச் சபை, வங்கி, தொழில் சங்கம், வரி ஆலோசகர் ஆகியோரிடம் பெறலாம். கட்டணம் இடத்துக்கு இடம் மாறும், கேட்டு ஒப்பிடுங்கள்.

நம் துறையினர் அறிக்கையின் அட்டையை அழகாகச் செய்துவிட்டு எண்களில் கோட்டை விடுவார்கள். படிப்பவர் வடிவமைப்பாளர் அல்ல. அவர் மூன்று கேள்விகளைத்தான் கேட்கிறார்: யார் பணம் கொடுப்பார், எவ்வளவு, எந்த மாதத்திலிருந்து? "சிறு நிறுவனங்களுக்குக் காட்சி அடையாளம் செய்கிறேன்" என்பது காற்றில் எழுதியது. "பல் மருத்துவமனைகளுக்கும் பிசியோதெரபி நிலையங்களுக்கும் பெயர்ப்பலகை, படிவங்கள், இணையதளம் ஆகியவற்றை ஒரே தொகுப்பாகச் செய்கிறேன்; இரண்டு வாடிக்கையாளர்கள் ஏற்கெனவே உண்டு" என்பதை அவர் கையால் தொட முடியும். முதல் மூன்று மாத வரவைக் குறைத்தே போடுங்கள். முதல் மாதமே 5,000 யூரோ என்று எழுதினால் நம்பமாட்டார்கள். நம்பினால், மானியம் எதற்கு என்று கேட்பார்கள்.

பழைய நிறுவனமே உங்கள் ஒரே வாடிக்கையாளர் என்று அறிக்கை காட்டினால் ஆபத்து. அதே மேசை, அதே மேலாளர், பில் மட்டும் புதிது என்றால் அது போலிச் சுயதொழில் எனப்படும். பழைய நிறுவனம் வேலை தருவதில் தவறில்லை. அது பலரில் ஒருவராக இருக்கட்டும்.

வரி அலுவலகம்

ஃபினான்ஸ்அம்ட்டில் பதிவு எல்ஸ்டர் என்ற இணையச் சேவை வழியாகத்தான். தொழில் தொடங்கிய ஒரு மாதத்துக்குள் படிவம் போக வேண்டும். எல்ஸ்டர் கணக்கைத் திறக்கத் தேவையான குறியீடு தபாலில் வருகிறது. ஆகவே கணக்கை மட்டும் முன்கூட்டியே திறந்து வையுங்கள், படிவத்தை உரிய நாளில் அனுப்புங்கள். 15 மணிக்குக் குறைவான சோதனைக் காலத்துக்கும் பதிவு தேவை. அப்போது "பகுதி நேரத் தொழில்" என்று தெளிவாகக் குறியுங்கள்.

வடிவமைப்பாளர் பொதுவாக ஃப்ரைபெரூஃப்லர், அதாவது கட்டற்ற தொழில் செய்பவர். வணிக உரிமப் பதிவும் தொழில் வரியும் இல்லை. படைப்பாற்றல் உள்ள வடிவமைப்பு வேலைக்குத்தான் இந்தச் சலுகை. அச்சிட்ட அட்டைகளையும் டி-ஷர்ட்களையும் வாங்கி இலாபம் வைத்து விற்கத் தொடங்கினால் அந்தப் பகுதி வணிகம். அச்சகம் நேராக வாடிக்கையாளருக்கே பில் போடட்டும். நான் எப்போதும் அப்படித்தான் செய்கிறேன், தகராறும் குறைகிறது.

அடுத்து, விற்பனை வரி. 2025 ஜனவரி முதல், முந்தைய ஆண்டு வரவு 25,000 யூரோவுக்குள் இருந்தால் சிறு தொழில்முனைவோர் விதியின் கீழ் விற்பனை வரி வசூலிக்க வேண்டாம். தொழில் தொடங்கும் ஆண்டிலும் எல்லை 25,000தான். தனி மனிதர்களும் சங்கங்களும் வாடிக்கையாளர்கள் என்றால் இந்த விதி நல்லது, உங்கள் விலை குறைவாகத் தெரியும். நிறுவனங்கள் மட்டும் என்றால் அவை அந்த வரியைத் திரும்பப் பெற்றுக்கொள்ளும்; நீங்களோ புதுக் கணினிக்குக் கட்டிய வரியைத் திரும்பப் பெற முடியாமல் நிற்பீர்கள். ஆகவே இதைக் கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தெடுக்காதீர்கள்.

பில்லில் இரு தரப்பின் பெயர் முகவரி, உங்கள் வரி எண், தேதி, தொடர் எண், வேலை முடிந்த நாள், வேலையின் விவரம், தொகை ஆகியவை இருக்க வேண்டும். சிறு தொழில்முனைவோர் விதியில் இருந்தால் அதைச் சொல்லும் ஒரு சிறு குறிப்பும் சேரும்.

வேலையின்மை உதவித்தொகைக்கு நேரடி வரி இல்லை என்றாலும், மற்ற வருமானத்தின் வரி விகிதத்தை அது உயர்த்தும். மானியம் அப்படி உயர்த்தாது. தொழில் தொடங்கிய ஆண்டுக்கான வரிக் கணக்கில் எதிர்பாராத தொகை வராமலிருக்க, வரும் பணத்தில் கால் பங்கைத் தனிக் கணக்கில் ஒதுக்கிவிடுங்கள்.

கா-எஸ்-கா: தவறவிடவே கூடாதது

உதவித்தொகை பெறும்வரை உங்கள் மருத்துவக் காப்பீட்டை வேலைவாய்ப்பு அலுவலகம் கட்டுகிறது. மானியம் தொடங்கும் நாளிலிருந்து அது உங்கள் பொறுப்பு. தனியாகச் சுயதொழில் செய்பவர் மருத்துவம், பராமரிப்பு, ஓய்வூதியம் எல்லாவற்றையும் முழுதாகக் கட்டுவது பெரும் சுமை. கலைஞர்களுக்காக இந்த நாடு ஓர் ஏற்பாட்டைச் செய்திருக்கிறது: கலைஞர் சமூகக் காப்பீட்டு நிதியம், கா-எஸ்-கா. 1983 முதல் நடைமுறையில் இருக்கிறது, அலுவலகம் வில்ஹெல்ம்ஸ்ஹாஃபனில். வடிவமைப்பாளர்களும் இதில் அடக்கம். ஒரு ஊழியர் கட்டும் அளவுக்கு, பாதிச் சந்தாவை மட்டும் நீங்கள் கட்டுகிறீர்கள். மறு பாதி, வேலை தரும் நிறுவனங்கள் கட்டும் தீர்வையிலிருந்தும் அரசின் பங்கிலிருந்தும் வருகிறது.

ஆண்டுக்கு 3,900 யூரோவுக்கு மேல் வருமானம் எதிர்பார்க்க வேண்டும் என்பது விதி. புதிதாகத் தொழில் தொடங்குவோருக்கு முதல் 3 ஆண்டுகள் அந்த எல்லையும் தளர்த்தப்படுகிறது. காப்பீடு, நீங்கள் தகவல் தெரிவித்த நாளுக்கு முன்னால் தொடங்காது. ஆகவே முழு நேரத் தொழில் தொடங்கும் நாளிலேயே படிவம் போய்ச் சேரட்டும். பில்கள், ஒப்பந்தங்கள், வேலை மாதிரிகள், பட்டச் சான்று ஆகியவற்றை இணையுங்கள். முடிவு வர மாதங்கள் ஆகலாம். அதுவரை இருக்கும் மருத்துவக் காப்பீட்டை விட்டுவிடாதீர்கள்.

ஒரு வாடிக்கையாளர், "உங்களால் நாங்கள் கலைஞர் தீர்வை கட்ட வேண்டியிருக்கிறது, அதை உங்கள் பில்லில் கழித்துக்கொள்கிறோம்" என்று சொல்லக்கூடும். ஒப்புக்கொள்ளாதீர்கள். அந்தத் தீர்வை அவர்களுடையது. உங்கள்மேல் அதைச் சுமத்தும் ஒப்பந்தம் செல்லாது. அது உங்கள் பில்லின் நிகரத் தொகையில் சுமார் 5 சதவீதம்.

விலையை எப்படிப் போடுவது

பழைய சம்பளத்தை 160 மணியால் வகுத்து மணிக்கூலி என்று சொல்லிவிடுவது பலரும் செய்யும் பிழை. வேறு கணக்குப் போடுவோம். வீட்டுக்கு மாதம் 2,000, காப்பீடுகளுக்கு 400, வரிக்கு 300, மென்பொருள், கருவிகள், பயணத்துக்கு 200 யூரோ என்று ஒருவர் வைத்துக்கொள்கிறார். மாதம் 2,900, ஆண்டுக்கு 34,800. ஆண்டில் வார இறுதிகள் போக 261 நாட்கள். விடுமுறை நாட்கள் 10, ஓய்வு 25, நோய் 10 போக 216. ஒரு நாளில் பில் போடக்கூடிய நேரம் 4 மணிதான். மீதி, வாடிக்கையாளர் தேடல், மின்னஞ்சல், கணக்கு. ஆக 864 மணி. மணிக்கு 40 யூரோ வருகிறது. இது மூச்சு விட இடமில்லாத விலை. பணம் தராமல் இழுக்கும் ஒரு வாடிக்கையாளர், வேலை வராத ஒரு மாதம், இவற்றுக்கெல்லாம் கால் பங்கு சேர்த்தால் 50. இதற்குக் கீழே போகும்போது நீங்கள் சொந்தச் சேமிப்பிலிருந்து வாடிக்கையாளருக்கு மானியம் தருகிறீர்கள். இந்த வரவு 25,000 யூரோவைத் தாண்டுகிறது என்பதையும் கவனியுங்கள். விற்பனை வரி விரைவிலேயே வந்துவிடும்.

மணிக்கூலி மட்டும் போதாது. ஜெர்மன் சட்டத்தில் படைப்புரிமை உங்களோடு ஒட்டியே இருக்கிறது, அதை விற்க முடியாது. நீங்கள் தருவது பயன்பாட்டு உரிமை. எந்த ஊடகத்தில், எந்த நாட்டில், எத்தனை ஆண்டுக்கு, அவர்களுக்கு மட்டுமா என்பதெல்லாம் விலையை மாற்றும். ஒரு சிற்றூர் அடுமனையின் கதவுக்கு வரைந்த ஓவியமும், நாடு முழுவதும் பொட்டலங்களில் அச்சாகும் ஓவியமும் ஒரே மூன்று மணி நேரத்தில் பிறக்கலாம். அவற்றின் விலை ஒன்றல்ல. விலை மதிப்பீட்டில் பயன்பாட்டு உரிமைக்கெனத் தனியாக ஒரு தொகை எழுதுங்கள், எத்தனை திருத்தம் அடக்கம் என்பதையும் எழுதுங்கள்.

மறுத்துவிட்டால், கிடைத்துவிட்டால்

மறுப்புக் கடிதம் வந்தால் ஒரு மாதத்துக்குள் எழுத்தில் ஆட்சேபம் தெரிவிக்கலாம். அவர்கள் சொன்ன காரணத்துக்கு மட்டும் பதில் எழுதுங்கள், புதிய ஆதாரம் இருந்தால் இணையுங்கள். மானியம் இல்லாமலே தொடங்கினாலும் மிச்சமிருக்கும் உதவித்தொகை நாட்கள் உடனே அழிவதில்லை. அந்த உரிமை உருவான நாளிலிருந்து 4 ஆண்டுக்குள் மீண்டும் வேலையற்றவராகப் பதிவு செய்தால் அவை கிடைக்கும். மானியம் பெற்றவருக்கோ, முதல் 6 மாத நாட்கள் அந்த மிச்சத்திலிருந்து கழிந்துவிடும்.

கிடைத்துவிட்டால், தொடங்கிய 3 மாதத்துக்குள் இன்னொரு முடிவு எடுக்க வேண்டும்: சுயதொழில் செய்துகொண்டே வேலையின்மைக் காப்பீட்டைத் தன்விருப்பில் தொடர்வதா? 2025இல் சந்தா மாதம் சுமார் 97 யூரோ. தொழில் தொடங்கிய ஆண்டிலும் அடுத்த ஆண்டின் முடிவு வரையும் அதில் பாதி. 3 மாதம் கடந்தால் வாசல் மூடிவிடும். குடும்பம் உள்ளவர்கள் இதை எடுக்கவேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஐந்தாம் மாதமே மானியத்தின் இரண்டாம் கட்டத்துக்கான, அதாவது மேலும் 9 மாதங்களுக்கு 300 யூரோ கேட்கும், விண்ணப்பத்தைத் தயாரியுங்கள். அதற்குத் தேவை, நீங்கள் முழு நேரமாகத் தொழில் செய்கிறீர்கள் என்பதற்கான ஆதாரம்: பில்கள், நடக்கும் வேலைகளின் பட்டியல், புதிய வாடிக்கையாளரைத் தேடி அனுப்பிய கடிதங்கள், மாத வாரியான வரவு செலவு. வேலை மெலிந்த மாதம் இருந்தால் மறைக்காமல் எழுதி, அந்த மாதத்தில் என்ன முயற்சி செய்தீர்கள் என்பதையும் பக்கத்திலேயே குறிப்பிடுங்கள்.